கணக்கைப் போடு, பிறகு வானம் ஏறு!

அப்பா நிலப் பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குக் கிளம்புவதற்கு முன்னால், தம்பி, தங்கையே, ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார். விமானி ஆகப்போகிற நீ முதலில் ஓட்டிக்காட்ட வேண்டிய விமானம் இந்தத் தாளில்தான் இருக்கிறது.

"பைலட் படிப்புக்கு ஒரு கோடி ஆகுமாமே!" இந்த ஒரு பேச்சு எத்தனை வீடுகளில் எத்தனை கனவுகளைத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிட்டது! வேறு சில வீடுகளில் "கேப்டன் ஆகிட்டா மாசம் அஞ்சு லட்சம்" என்று யாரோ சொன்ன பேச்சு நுழைந்தது. நகையையும் காட்டையும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். இன்று லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் வீட்டைப் பயம் ஆண்டது. இரண்டாவது வீட்டை ஆசை ஆண்டது. இரண்டு வீட்டிலும் யாரும் கணக்குப் போடவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் நம் ஊர். ஆகாயத்தில் போடும்போது அளக்க வேண்டாமா? கணக்குப் போடுகிறவனைக் கோழை என்று யாராவது சொன்னால் நம்பாதே. பயம் குடியிருப்பது எண்ணிப் பார்க்காத எண்களுக்குள்தான். எண்ணிவிட்டால் அது வீட்டைக் காலி செய்துவிடும்.

வள்ளுவர் பொருட்பாலில் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். 47 தெரிந்துசெயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். போருக்குப் புறப்படும் அரசனுக்குச் சொன்ன வரிசை இது. ஊக்கமுடைமை எப்போது வருகிறது தெரியுமா? 60-வது அதிகாரத்தில்! அளப்பது முன்னே, ஆவேசம் பின்னே. அந்த வரிசையிலேயே நாமும் போவோம்.

தெரிந்து செய்: தாளில் எழுது

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு, நாட்டின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கேட்பது 200 மணி நேரப் பறத்தல். அதில் 100 மணி நேரம் நீயே விமானத்துக்குப் பொறுப்பாளியாகப் பறந்திருக்க வேண்டும். 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு நெடும்பயணம், கருவிகளை மட்டும் நம்பிப் பறத்தல், இரவுப் பறத்தல் எல்லாம் அதற்குள் அடக்கம். நம் நாட்டுப் பள்ளிகளில் இதற்குச் சுமார் 45 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை ஆகிறது. பிறகு டைப் ரேட்டிங். ஏர்பஸ் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி அது. அதற்கு 12 முதல் 20 லட்சம். விடுதி, சாப்பாடு, கிரவுண்ட் கிளாஸ், தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தனி.

மொத்தம் 75 லட்சம் என்று எழுது. கையிருப்பு 25 லட்சம், கடன் 50 லட்சம் என்று வைத்துக்கொள். வட்டி 11 சதவீதம். படிப்புக்கு இரண்டு ஆண்டு, வேலைக்குக் காத்திருக்க ஓர் ஆண்டு. முழுக் கடனும் முதல் நாளே வந்துவிட்டதாகவே கணக்கிடு. மூன்று ஆண்டும் ஒரு ரூபாய்கூட வட்டி கட்டாமல் விட்டால், தனிவட்டிக் கணக்கில் 50 லட்சம் 66 லட்சத்து 50 ஆயிரமாக எழுந்து நிற்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 92 ஆயிரம். அடைத்து முடிக்கும்போது நீ கட்டியிருக்கும் தொகை ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம்.

பயமாக இருக்கிறதா? பேனாவைக் கீழே வைக்காதே. அடுத்த பக்கத்தைத் திருப்பு.

24 வயதில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாகச் சேர்கிறாய். பயிற்சி மாதங்களில் குறைவாகத்தான் வரும். ஆறு ஆண்டுச் சராசரியாகக் கைக்கு வரும் சம்பளம் மாதம் ஒன்றே முக்கால் லட்சம் என்று போடு. அது 1 கோடியே 26 லட்சம். 30 வயதில் கேப்டன். மாதம் கைக்கு நான்கு லட்சம் என்று அடக்கமாகவே போடு. விமானி 65 வயது வரை பறக்கலாம். நாம் 60-லேயே நிறுத்திக்கொள்வோம். முப்பது ஆண்டில் 14 கோடியே 40 லட்சம். கடனுக்குக் கட்டியதைக் கழித்தால் சுமார் 14 கோடியே 50 லட்சம் நிற்கிறது.

இனி எதிர்க்கணக்கு. அதையும் போடாதவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். நீ வேறு படிப்புப் படித்து 22 வயதில் வேலைக்குப் போய், வாழ்நாள் சராசரியாக மாதம் ஒரு லட்சம் சம்பாதித்தால் 60 வயதுக்குள் 4 கோடியே 56 லட்சம். அந்த 25 லட்சம் கையிருப்பு 7 சதவீத வட்டியில் 38 ஆண்டு தூங்கினால் சுமார் 3 கோடியே 27 லட்சம். இரண்டும் சேர்ந்து 7 கோடியே 80 லட்சத்தைத் தாண்டும். சம்பள உயர்வே கிடையாது என்று வைத்து, விமானிக்குப் பாதகமாகவே போட்ட கணக்கு இது. அப்படியும் வானம் ஏறக்குறைய இரண்டு மடங்கு தருகிறது!

கைதட்டிவிடாதே. இன்னும் ஒரு வரி எழுத வேண்டும். கேப்டனாகப் பதினைந்தே ஆண்டு பறந்து, 45 வயதில் உடல்நலத்தாலோ வேலை போனதாலோ நின்றுவிட்டால்? 7 கோடியே 36 லட்சம். மற்றவன் 60 வயதில் எட்டும் தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். இந்த வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிடு. விமானி படிப்பின் விலை அந்த 75 லட்சத்தோடு முடியவில்லை. பதினைந்து ஆண்டுக்கு மேல் கேப்டன் இருக்கையில் உட்காரும் உடலும் ஒழுக்கமும் பொறுமையும்தான் அதன் முழு விலை. ஐந்து ஆண்டில் போட்டதை எடுத்துவிட்டு வேறு தொழிலுக்குப் போகலாம் என்று நினைப்பவன் இப்போதே எழுந்து போகட்டும். நெடுந்தூரம் ஓடத் தயாராக இருப்பவன் மட்டும் அடுத்த பக்கத்துக்கு வரட்டும்.

வலி அறி: உடல், அறிவு, குடும்பம்

வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையிலிருக்கும் முதலையே தொலைக்கும் வேலையில் அறிவுள்ளவன் இறங்கமாட்டான் என்பது வள்ளுவர் சொன்ன புத்தி. அப்படியானால் முதலைத் தொடும் முன் உன் வலிமையைச் சோதித்துப் பார். அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் சில ஆயிரங்களில் சோதி, பிறகு சில லட்சங்களில் சோதி, கடைசியாகப் பல லட்சங்களை எடு. பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் விழுகிறார்கள்.

முதல் படி உடல். டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 மருத்துவப் பரிசோதனை, அடுத்து கிளாஸ் 1. கண்ணாடி போட்டவர்களுக்கு வழியே இல்லை என்று யாரோ சொன்னதை நம்பிக் கனவைப் புதைத்தவர்கள் உண்டு. அது தவறு, கண்ணாடியோடு பறக்கும் விமானிகள் ஏராளம். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் பெரிய சிக்கல். பள்ளியில் முன்பணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கொடுமை! மருத்துவச் சான்று கைக்கு வரும்வரை ஒரு ரூபாயையும் பள்ளிக்குக் கொடுக்காதே.

இரண்டாம் படி அறிவு. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். இல்லாதவர்கள் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்தப் பாடங்களை எழுதிவிட்டு வருகிறார்கள், நீயும் வரலாம். டிஜிசிஏ தேர்வுக்கான பதிவெண்ணை, அதாவது கம்ப்யூட்டர் நம்பரை வாங்கு. நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் தாள்களை எழுது. ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. விமானத்தில் ஏறும் முன்பே இவற்றை முடித்துவிடுபவனுக்குப் பயிற்சிக் காலமும் மிச்சம், பணமும் மிச்சம். திரும்பத் திரும்ப எழுதியும் இந்தத் தாள்கள் வசப்படவில்லையா? சிறிய செலவில் பெரிய உண்மை தெரிந்துவிட்டது. அதற்கும் நன்றி சொல்.

மூன்றாம் படி குடும்பத்தின் வலிமை. மயிலிறகுதானே என்று அளவுக்கு மேல் ஏற்றினாலும் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் காட்டுகிறார். கடன் தவணையும் அப்படித்தான். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் இறகு. ஏழரை லட்சத்தைத் தாண்டிய கல்விக்கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். பெற்றோரே, இந்த இடத்தில் பிள்ளையோடு சேர்ந்து உட்காருங்கள். மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

ஒன்று: வேலை இரண்டு ஆண்டு தள்ளிப்போனால் வட்டியை மட்டுமாவது கட்ட முடியுமா? 50 லட்சத்துக்கு அது மாதம் சுமார் 45 ஆயிரத்து 800 ரூபாய்.

இரண்டு: முதல் சம்பளம் கைக்கு ஒன்றரை லட்சம் வந்தால், தவணை அதில் பாதியான 75 ஆயிரத்துக்குள் அடங்குமா? மேலே போட்ட 92 ஆயிரம் அடங்கவில்லை. ஆனால் படிக்கும்போதே வட்டியைக் கட்டிக்கொண்டு வந்தால் தவணை 69 ஆயிரத்துக்கு இறங்குகிறது. கடனை 40 லட்சத்தில் நிறுத்தினால், வட்டி கட்டாவிட்டாலும் 73 ஆயிரத்துக்கு இறங்குகிறது. பார்த்தீர்களா, அடைபட்ட கதவு எப்படித் திறக்கிறது! வழி கண்டுபிடித்தது இந்தத் தாள்.

மூன்று: எல்லாமே தவறிப்போனாலும் குடும்பத்துக்குத் தலைக்கு மேல் கூரை இருக்குமா? இருப்பது ஒரே வீடு என்றால் அதைத் தொடாதீர்கள். பிள்ளையின் சிறகுக்காகக் கூட்டையே பிரிக்கக் கூடாது.

ராமேஸ்வரத்துப் பையன் அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்கச் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அக்கா ஜோகரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தந்தார். அந்த வளையல்களைத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்பேன் என்று கலாம் உறுதி எடுத்தார். உதவித்தொகை பெறும் அளவுக்குப் படிப்பதே அப்போது அவருக்குத் தெரிந்த சம்பாத்தியம். அக்காவின் வெறுங்கையில் வளையல் இருந்த தடம் ஒவ்வொரு நாளும் கண்ணில் பட்டால் எவன் தூங்குவான்? உன் வீட்டில் யார் கை வெறுங்கையாகிறது என்று பார்த்து வைத்துக்கொள். அது உன்னை எழுப்பிவிடும்.

காலம் அறி: அலை வரும், அலை போகும்

2012-ல் கிங்ஃபிஷர் தரையிறங்கியது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து உள்நாட்டுப் பயணிகள் விமானங்களை இரண்டு மாதம் கட்டிப்போட்டது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் ஓய்ந்தது. அதே 2023-ல்தான் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அந்த ஒரே ஆண்டில் டிஜிசிஏ 1,600-க்கும் அதிகமான கமர்ஷியல் லைசென்ஸ்களை வழங்கியது. விமானங்களும் வருகின்றன, போட்டிக்கு ஆட்களும் வருகிறார்கள். இந்தத் தொழில் கடலைப் போன்றது. அலையைப் பார்த்து ஓடுகிறவனும் மூழ்குகிறவனும் மீனவர் ஆகமாட்டார்கள்.

அடுத்த அலை எப்போது என்று எந்த ஜோசியரும் சொல்ல முடியாது. அலை வரும்போது நீ தயாராக நிற்கிறாயா என்பது மட்டும் உன் கையில் இருக்கிறது. கொக்கு நீரில் ஒற்றைக்காலில் சும்மா நிற்பதுபோல் தெரியும்; கண் மூடாது. வேலை இல்லாத மாதங்களில் ரேட்டிங்கைக் காலாவதியாக விடாதே. சிமுலேட்டர் தேர்வுக்குத் தயாராக இரு. கிரவுண்ட் பாடம் எடு, பயிற்றுநர் ரேட்டிங் பெற்றுப் பிறருக்குக் கற்றுக்கொடு, மணி நேரங்களைச் சேர்.

காலத்தைப் பற்றி இன்னொரு கணக்கு உண்டு, பலருக்குத் தெரியாது. விமான நிறுவனங்களில் சீனியாரிட்டிதான் கேப்டன் இருக்கைக்கு உன்னைக் கூட்டிப்போகிறது. ஓய்வு வயதோ 65-ல் அசையாமல் நிற்கிறது. அப்படியானால் 19 வயதில் நீ வீணாக்கும் ஓர் ஆண்டின் விலை என்ன? தொடக்கச் சம்பளத்தில் ஓர் ஆண்டு என்றுதானே நினைக்கிறாய்? இல்லை தம்பி! வரிசையின் கடைசியில் இருக்கும் கேப்டன் சம்பளத்தில் ஓர் ஆண்டு உதிர்கிறது. நம் கணக்கின்படியே 48 லட்சம்! செல்போனைப் பார்த்துக்கொண்டே கழித்த ஒரு வருடத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க உன் அப்பாவால் முடியுமா?

இடம் அறி: எங்கே பறக்கக் கற்பது?

விளம்பரத்தில் நீலவானத்தையும் வெள்ளைச் சட்டையையும் பார்த்து மயங்காதே. பள்ளிக்கு நேரில் போ. எத்தனை விமானங்கள் இன்று பறக்கும் நிலையில் இருக்கின்றன, எத்தனை மாணவர்கள் காத்திருக்கிறார்கள் என்று எண்ணு. போன வருடம் சேர்ந்தவர்கள் 200 மணி நேரத்தை எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்று அலுவலகத்தில் கேட்காதே; விடுதியில் கேள், டீக்கடையில் கேள். பதினெட்டு மாதம் என்று சொன்னது முப்பது மாதம் ஆனால் ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடும். வட இந்தியாவின் குளிர்காலப் பனிமூட்டம், கடலோரத்தின் மழைக்காலம் இரண்டையும் கணக்கில் சேர். டிஜிசிஏ 2025 முதல் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் பணம் கட்டாதே. மொத்தக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கேட்கும் இடத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று முறை யோசி. டைப் ரேட்டிங்கை அவசரப்பட்டுக் கடனில் செய்யாதே. எந்த நிறுவனம், எந்த விமானத்துக்கு ஆள் எடுக்கிறது என்று தெரிந்த பிறகு செய்.

எல்லாக் கணக்கும் போட்டு "நம்மால் ஆகாது" என்று தாள் சொல்கிறதா? தாளைக் கிழிக்காதே, திருப்பு. மறுபக்கத்தில் இன்னொரு ஓடுதளம் இருக்கிறது. என்.டி.ஏ. தேர்வு எழுது. பட்டம் முடித்திருந்தால் ஆஃப்கேட் எழுது. இரண்டும் இந்திய விமானப் படைக்குப் போகும் வழிகள். அங்கே பறக்கக் கற்பதற்குக் கட்டணம் கிடையாது. கற்கும்போதே உதவித்தொகை தருகிறார்கள். என்.டி.ஏ.வின் கதவு 2022 முதல் பெண்களுக்கும் திறந்திருக்கிறது. குறுகிய காலப் பணியில் 14 ஆண்டு நாட்டுக்காகப் பறந்துவிட்டுப் பயணிகள் விமானத்துக்கு வருபவர்களும் உண்டு. அங்கே பணத்துக்குப் பதில் உன் வியர்வையைக் கேட்பார்கள். அது உன்னிடம் இருக்கிறது அல்லவா?

தங்கையே, உனக்குத் தனியாக ஒன்று. "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்பவர்களிடம் சொல்: இந்திய விமானிகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பெண்கள். உலகச் சராசரியைவிட இது மிக அதிகம். கேப்டன் இருக்கைக்கும் அதன் சம்பளத்துக்கும் ஆண் பெண் பேதம் கிடையாது.

ஆல்டர்நேட் எழுதிவிட்டுக் கிளம்பு

சென்னைக்குப் புறப்படும் விமானி, சென்னையில் இறங்க முடியாமல் போனால் எங்கே இறங்குவது என்பதையும் கிளம்பும் முன்பே எழுதிக் கொடுக்கிறார். பெங்களூருவோ திருச்சியோ, அதன் பெயர் ஆல்டர்நேட். அங்கே போய்ச் சேர எரிபொருள், அதற்கு மேலும் அரை மணி நேரம் வட்டமிட எரிபொருள், எல்லாம் டாங்கில் இருக்கும். அவரைப் பார்த்து "உனக்குச் சென்னை மேல் நம்பிக்கை இல்லையா?" என்று யாராவது கேட்பார்களா? ஆல்டர்நேட் எழுதியிருப்பதால்தான் அவர் புயல் நாளிலும் பதறாமல் சென்னையை நோக்கிப் பறக்கிறார்.

இந்தியாவின் முன்னோடிப் பெண் விமானிகளில் ஒருவரான சரளா தக்ரால் 1936-ல், தம் 21-ஆம் வயதில், சேலை உடுத்தி ஜிப்ஸி மாத் விமானத்தில் ஏறினார். கையில் குழந்தை இருந்த தாய் அவர். 1939-ல் விமானியான கணவர் விபத்தில் இறந்தார். அப்படியும் கமர்ஷியல் லைசென்ஸுக்காக ஜோத்பூர் போனார். இரண்டாம் உலகப் போர் வந்து பயிற்சியையே நிறுத்திவிட்டது. சரளா நொறுங்கி உட்காரவில்லை. ஓவியம் கற்றார். பிரிவினைக்குப் பின் டெல்லிக்கு வந்து சேலை, நகை வடிவமைப்பில் பெயர் பெற்றார். வானிலை மாறியது, அவர் வேறு ஓடுதளத்தில் அழகாக இறங்கினார்.

உன் ஆல்டர்நேட் என்ன? அஞ்சல் வழியில் ஒரு பட்டம் படித்துக்கொண்டே பற. இயற்பியலும் கணிதமும் உள்ள முழுநேரப் பட்டத்தை முன்பே முடித்திருந்தால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தேர்வுக்கும் வழி திறக்கும். ட்ரோன் இயக்கும் சான்றிதழும் பெறலாம். வேலைக்குச் சேர்ந்த நாளே உடல்தகுதி இழப்புக்கான காப்பீடு எடு.

இனி ஊக்கம்!

அளந்தாயிற்று. உடல் தகுதி கையில், தாள்களில் தேர்ச்சி, தவணை பாதிச் சம்பளத்துக்குள், கூரை பத்திரம், பள்ளி நல்ல பள்ளி, ஆல்டர்நேட் தயார். இப்போது 60-வது அதிகாரத்துக்கு வந்துவிட்டோம்.

ஓடுதளத்தில் விமானம் வேகம் எடுக்கும்போது வி-1 என்று ஒரு வேகம் உண்டு. அது வரும்வரை கேப்டனின் கை இன்ஜின் விசையின் மேலேயே இருக்கும். ஏதாவது கோளாறு தெரிந்தால் விசையை இழுத்து நிறுத்திவிடலாம். அதில் அவமானம் இல்லை. அதற்காகத்தான் கை அங்கே இருக்கிறது. "வி-1" என்ற குரல் கேட்டதும் கேப்டன் அந்தக் கையை எடுத்துவிடுவார். ஓர் இன்ஜின் நின்றால்கூட இனி மேலேதான் போக வேண்டும். நிறுத்த நினைப்பதுதான் ஆபத்து.

உன் வாழ்க்கையின் வி-1, முதல் பெரிய தவணையைக் கட்டும் நாள். அதற்கு முன்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் கணக்குப் போடு, சந்தேகப்படு, கேள்வி கேள், வேண்டாம் என்று நின்றுகூடப் போ. உன்னைக் கோழை என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. அந்த நாளைத் தாண்டிவிட்டாயா? பிறகு "வேலை கிடைக்குமா, வேறு படித்திருக்கலாமோ" என்ற புலம்பலுக்கு உன் நாளில் ஒரு நிமிடம்கூட இடமில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழு. ஒவ்வொரு பயிற்சிப் பறத்தலையும் முந்தின இரவே மனத்துக்குள் பறந்து பார். பயிற்றுநர் திட்டினால் குறித்துக்கொள், அடுத்த முறை அதே தவறைச் செய்யாதே. நீ பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் யாரோ ஒருவருடைய வெறுங்கை உன்னோடு பறக்கிறது.

ஒருநாள் பயிற்றுநர் இறங்கிக்கொண்டு கதவைச் சாத்துவார். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். உன் முதல் சோலோ. அந்த நிமிடம் உன்னைக் காக்கப்போவது, கிளம்பும் முன் நீ அளந்த எரிபொருளும் எழுதிய கணக்கும்தான். அப்பா இன்னும் மஞ்சள் பையோடு வாசலில்தான் நிற்கிறார். போ. தாளை அவரிடம் காட்டு. அவர் படித்து முடித்து உன் முகத்தைப் பார்க்கும்போது, விசையின் மேல் இருக்கும் கையை எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் இருவருக்குமே தெரிந்துவிடும்.